ஈடற்ற கடனின் விலை

வளர்முக நாடுகளில் வர்த்தக வங்கியின் வாயில் நெடுங்காலமாகக் காணியுறுதியும் சம்பளச் சான்றும் உடையோர்க்கே திறந்திருந்தது. சந்தையிலே தக்காளி விற்பவள் நாணயமானவள் என்பதை அயலார் அறிவர், வங்கி அறியாது. அவளை அறிந்துகொள்ள ஆகும் செலவு அவள் கேட்கும் கடனினும் பெரிது.

கென்யாவில் 2012 நவம்பரில் தொடங்கப்பெற்ற எம்-ஷ்வாரி இச்செலவையே குறைத்தது. ஒரு வர்த்தக வங்கியும் சபாரிகொம் என்னும் தொலைபேசி நிறுவனமும் இணைந்து நடத்திய அத்திட்டத்தில் ஈடு கேட்கப்படவில்லை. 2007 முதல் நடைபெற்றுவந்த எம்-பெசா பணப்பரிமாற்றச் சேவையை ஒருவர் எவ்வாறு பயன்படுத்தினார், தொலைபேசிக்கு எவ்வளவு செலவிட்டார் என்பவற்றைக் கொண்டு கணினி கடனெல்லையை வகுத்தது. பணம் கைத்தொலைபேசிக்கே வந்துசேர்ந்தது. எவர் வாசலிலும் காத்துநிற்க வேண்டாத இவ்வசதியைச் சிறிதென்று தள்ளுதல் தகாது.

ஆயின் அதன் விலை யாது? 30 நாட் கடனுக்கு 7.5 சதவீதம், கூட்டுவட்டி பாராமலே ஆண்டுக்கு 90 சதவீதமாகும். 2016இல் சட்டம் வங்கிக் கடனின் வட்டிக்கு, மத்திய வங்கி வீதத்தின்மேல் 4 சதவீதப் புள்ளிகள் என எல்லை விதித்தது. எம்-ஷ்வாரிக்கு அறவிடப்படுவது வட்டியன்று, சேவைக் கட்டணமே என்றது வங்கி. கடன்பட்டவளுக்கோ இரண்டும் ஒரே முடிச்சிலிருந்தே அவிழ்ந்தன. அவ்வெல்லையும் 2019இல் நீக்கப்பட்டது.

தவணை தவறியது கணினிக்குத் தெரிந்தது. மழையால் அன்று சந்தை கூடாதது தெரியவில்லை. தவறியோரின் பெயர்கள் கடன் தகவற் பணியகங்களுக்குச் சென்றன. 1,000 சிலிங்குக்குக் குறைந்த பாக்கிக்காகப் பெயரைக் கறைப்படுத்துவது 2020இலேதான் தடுக்கப்பட்டது.