ஊசியைப் பற்றிக் கேட்டால் பதில் வரும்

மணமேல்குடிப் பக்கம் ரத்தப் பரிசோதனை வேலை பார்ப்பவனுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே பிடிபட்டுவிடும். "ஹெபடைட்டிஸ் சி தெரியுமா?" என்று கேட்டால் பதில் வராது. "காமாலையா தம்பி? கண்ணு மஞ்சளா இல்லியே!" என்பார்கள். கீழாநெல்லி பேச்சும் கூடவே வரும். ஆனால் கண் மஞ்சளிக்காமலே இருபது, முப்பது ஆண்டுகள் கல்லீரலில் குடியிருக்கும் கிருமி ஹெபடைட்டிஸ் சி. காமாலை என்றாலே தண்ணீரால் வருவது என்பது ஊர்க் கணக்கு. அது ஏ, ஈ வகைகளுக்குப் பொருந்தும். சி வகை ரத்தத்தின் வழியாகத்தான் பரவுகிறது.

அதனால் நான் நோயின் பெயரை விட்டுவிட்டு ஊசியைப் பற்றிக் கேட்பேன். பச்சை குத்தியிருக்கிறீர்களா? டயாலிசிஸ் உண்டா? ஒரே ஊசியைக் கொதிக்க வைத்துப் பலருக்கும் போட்ட காலத்தில் போட்டுக்கொண்டீர்களா? 2001-க்கு முன் ரத்தம் ஏற்றினார்களா? ரத்த வங்கிகளில் இந்தக் கிருமிக்கான சோதனை கட்டாயமானது அந்த ஆண்டில்தான். "ரெண்டாவது பிள்ளைக்கு ரத்தம் ஏத்துனாங்களே, அதுவா?" என்று அப்போதுதான் ஓர் அம்மாவுக்கு நினைவு வரும்.

சோதனை அட்டையில் சொட்டு விட்டால் கால் மணி நேரத்தில் கோடு தெரியும். இரண்டாவது கோடு விழுந்ததும் முகம் வெளுத்துப்போகும். அந்த நேரத்தில் சொல்வதற்குத்தான் பக்குவம் வேண்டும். அந்தக் கோடு, கிருமி உடம்புக்குள் வந்ததைக் காட்டுகிறதே ஒழிய, இன்னும் இருக்கிறதா என்பதைக் காட்டாது. பத்தில் மூன்று பேருக்குக் கிருமி தானாகவே போய்விடுகிறது. கிருமி ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்.என்.ஏ. சோதனைதான் முடிவு சொல்லும்.

வளைகுடா வேலைக்குக் கிளம்பும் இளைஞர்கள் பலர் இந்தப் பெயரையே மெடிக்கலில் 'அன்ஃபிட்' ஆகும்போதுதான் கேள்விப்படுகிறார்கள். வீட்டிலோ கிருமி உள்ளவரின் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்துவிடுகிறார்கள். சேர்ந்து சாப்பிடுவதால் இது ஒட்டாது. சவர பிளேடைத்தான் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கான சோஃபோஸ்புவிர், டக்ளாட்டஸ்விர் மாத்திரைகளைப் பெரும்பாலோர் 12 வாரம் சாப்பிட்டால் போதும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் குணமாகிறார்கள். 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசிய ஹெபடைட்டிஸ் திட்டத்தில் சோதனையும் மருந்தும் இலவசம். குணமான பிறகும் அட்டையில் கோடு விழும் என்பதால் ஆர்.என்.ஏ. அறிக்கையைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்வேன்.

பி வகைக்குத் தடுப்பூசி உண்டு, சி வகைக்கு இல்லை. அதனால் மாத்திரையில் தீரும் காய்ச்சலுக்கு ஊசி கேட்காதீர்கள். போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், புது ஊசியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள்.