பாகம் எண், வரிசை எண்

முண்டியம்பாக்கம் என்று ஊர்ப் பெயரைச் சொன்னால் சென்னையில் எதிரே நிற்பவர் முகம் மாறிவிடும். “ஐயோ, யாருக்கு என்ன?” என்பார். 2010-இல் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி எங்கள் ஊரில் வந்ததிலிருந்து இப்படித்தான். திண்டிவனம் ரோட்டில் அடிபட்டவர், பூச்சிமருந்து குடித்தவர், தலைப்பிரசவத்துக்கு வந்தவர் என்று சுற்றுவட்டாரமே அங்கே வந்து சேர்கிறது. அதற்கு முன்பெல்லாம் “மில்லு இருக்கிற ஊரா?” என்று கேட்பார்கள். கரும்பு மில்லைச் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்விதான் பிடிக்கும்.

2025 நவம்பர் 4-ஆம் தேதி தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. எங்கள் அபார்ட்மென்ட்டுக்கும் ஒரு அம்மா படிவத்தோடு வந்தார். இதற்கு முன் இப்படித் திருத்தம் நடந்த 2002, 2005 பட்டியலில் உங்கள் பெயர் எங்கே இருந்தது என்று அந்தப் படிவம் கேட்டது: தொகுதி, பாகம் எண், வரிசை எண். சென்னையில் ஓட்டு இருக்க வேண்டுமானால், ஊரில் இருந்த ஓட்டைக் கண்டுபிடித்துக் காட்ட வேண்டியிருந்தது. விக்கிரவாண்டி என்ற தொகுதியே 2008 மறுவரையறைக்குப் பிறகு வந்தது என்பதால், பழைய தொகுதியைத் தேடிப் பிடிப்பதற்குள் இரவு பதினொன்று ஆகிவிட்டது.

கிடைத்தது. எங்கள் தெரு முழுசாக அந்தப் பக்கங்களில் இருந்தது. வீட்டு எண், பெயர், தகப்பன் பெயர் அல்லது கணவன் பெயர், ஆணா பெண்ணா, வயது. அப்பா இருந்தார். ஆயா இருந்தது, வயது 70 என்று. ஆயாவுக்கே தன் வயது தெரியாது. கணக்கெடுக்க வந்த வாத்தியார் முகத்தைப் பார்த்துப் போட்ட வயசு அது. திருப்பூருக்குப் போய்த் திரும்பாத எதிர்வீட்டுக்காரர், தீ விபத்தில் போன அத்தை, மில்லில் எடைமேடையில் இருந்த மாமா, எல்லோரும் வரிசை எண்ணோடு உயிரோடு இருந்தார்கள். எனக்குத் தேவைப்பட்டது என் பெயர் இருக்கிற ஒரு வரிதான். படித்து முடிக்க ராத்திரி ஒரு மணி ஆயிற்று.

தெரு முடிந்ததும் பட்டியலில் காலனி தொடங்குகிறது. நடந்து போனால் ஐந்து நிமிஷ தூரம். பழகுவதற்கு அது எத்தனை தூரமாக இருந்தது என்பதை ஊர் ஏக்கம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை. டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்காராதவர்கள், ஒன்றியப் பள்ளியின் வாக்குச்சாவடியில் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் நிற்பார்கள். சின்ன வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசையில் நின்றது நினைவிருக்கிறது. வருஷத்தில் மற்ற நாளெல்லாம் ஊர் அப்படி ஒரு வரிசையைப் போட்டதே இல்லை.

ஊரில் நாலு சுவரும் ஒரு வேப்பமரமும் இன்னும் என் பெயரில்தான் இருக்கின்றன. ஆனால் ஒரு தொகுதியில் வீடு வைத்திருக்கிறார் என்பதற்காக மட்டும் ஒருவரை அங்கே வசிப்பவராகக் கருதக் கூடாது என்கிறது 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு. நியாயமான சட்டம். மகள் பள்ளியில் சேர்ந்த வருஷமே என் பெயரைச் சென்னைக்கு மாற்றிக்கொண்டேன், யாரும் வற்புறுத்தவில்லை.

பட்டியலில் பெரியப்பா பெயரும் இருந்தது. அவர் எந்தப் பதவியிலும் இருந்ததில்லை. வார்டு மெம்பராகக்கூட நின்றதில்லை. திண்ணையில் உட்கார்ந்து மனு எழுதுவார், அவ்வளவுதான். முதியோர் பென்ஷன், பட்டாவில் பெயர் மாற்றம், மில்லில் வெட்டு உத்தரவு தள்ளிப்போய்க் கரும்பு பூத்து நிற்கிற விவகாரம் என்று காலையிலேயே ஆள் வந்துவிடும். இரண்டு தாளுக்கு நடுவே கார்பன் வைத்து, கீழ்த்தாளில் விழுகிற மாதிரி பேனாவை அழுத்தி எழுதுவார். திண்ணைக்குக் கீழே நின்று பார்த்தால் அவர் கட்டைவிரல் நகம் வெளுத்துத் தெரியும். முடித்ததும் உரக்கப் படித்துக் காட்டுவார். “இதுல பொய் இருந்தா இப்பவே சொல்லிடு. அப்புறம் ஆபீஸ்ல போய் முழிக்காத.” சிலர் அந்த இடத்தில் ஒரு வரியை அடிக்கச் சொல்வார்கள். அவரும் மறுபேச்சில்லாமல் புதுத்தாள் எடுப்பார்.

தென்னாற்காடு ஒரே மாவட்டமாக இருந்தவரை கலெக்டரைப் பார்க்கக் கடலூருக்குப் போக வேண்டும். 1993-இல் விழுப்புரம் தனி மாவட்டமானதும் பெரியப்பாவுக்கு அது தனக்கே செய்து கொடுத்த வசதி போல இருந்தது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு மூன்று நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறிவிடுவார். மனு கொடுத்தவருக்கு ரசீது, திண்ணைப் பெட்டிக்கு கார்பன் நகல். மூன்று மாதம் கழித்து நகலை எடுத்து, “உனுது என்னாச்சு?” என்று அவரே வீடு தேடிப் போய்க் கேட்பார்.

அவர் யாரையாவது புகழ்ந்து கேட்டிருக்கிறேன் என்றால் அது ஓமந்தூராரைத்தான். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகிற வழியில் இருக்கிறது ஓமந்தூர். அங்கே 1895-இல் பிறந்த விவசாயி ராமசாமி ரெட்டியார், 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரி. சுதந்திரக் கொடி ஏறிய அன்று இந்த மாகாணத்தை ஆண்டவர் நம்ம பக்கத்து ஆள் என்பதில் பெரியப்பாவுக்கு ஒரு மிதப்பு. இரண்டே வருஷத்தில் கோயில் நுழைவுச் சட்டம், தேவதாசி ஒழிப்புச் சட்டம், ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம், மாகாணம் முழுவதற்கும் மதுவிலக்கு. பாரதி பாடல்களை மக்களுடைமையாக்கும் வேலையும் அந்தக் காலத்தில்தான் நடந்தது. சிபாரிசுக் கடிதத்துக்கு மசியாதவர் என்று பெயர். அந்தப் பெயரே கட்சிக்குள் அவருக்கு ஆகாமல் போயிற்று.

பெரியப்பா அழுத்திச் சொல்வது அதற்குப் பிறகு நடந்ததைத்தான். பதவி போனதும் ஓமந்தூரார் அடுத்த பதவியைப் பார்க்கவில்லை, வடலூருக்குப் போனார். வள்ளலார் மூட்டிய அடுப்பு எரிகிற ஊரில் சுத்த சன்மார்க்க நிலையம், குருகுலப் பள்ளி என்று 1970-இல் இறக்கும்வரை இருபது வருஷம் அந்த வேலையிலேயே கிடந்தார். பதவியில் இருந்த இரண்டு வருஷத்தைவிட இந்த இருபது வருஷம் கடினம் என்பது என் எண்ணம். சட்டம் போட்டால் பத்திரிகையில் வரும். பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாட்டுக்கு அரிசி வந்ததா என்று தினமும் பார்ப்பது எதிலும் வராது. அண்ணா சாலையில் அவர் பெயர் தாங்கிய தோட்டத்தில் 2010-இல் சட்டமன்றத்துக்குக் கட்டடம் கட்டினார்கள். 2014-இல் அது ஆஸ்பத்திரி ஆயிற்று. இன்று ஆட்டோக்காரரிடம் ஓமந்தூரார் என்றாலும் “யாருக்கு என்ன?” என்றுதான் கேட்கிறார். நம்ம பக்கத்துப் பெயர்களுக்கு அப்படி ஒரு ராசி.

தலைவர்களுக்கு எங்கள் பக்கம் என்றுமே பஞ்சமில்லை. அவர்கள் பின்னால் போனவர்களுக்கும் இல்லை. 1987 செப்டம்பரில் இடஒதுக்கீட்டுக்காக நடந்த சாலைமறியலில் துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்களில் பலர் எங்களைச் சுற்றியிருக்கிற கிராமத்துக்காரர்கள். பக்கத்துப் பனையபுரம் கோயில் தலபுராணத்தில்கூட, அண்டி வந்த புறாவுக்காகத் தன் சதையையே அரிந்து கொடுத்த சிபி வருகிறார். 2024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் விக்கிரவாண்டி இடைத்தேர்தல், தெருவுக்குத் தெரு மந்திரிகள். அக்டோபரில் வி.சாலையில் விஜய் கட்சியின் முதல் மாநாடு. ஆனால் குடிநீர்க் குழாய் உடைந்தால் போய்க் கேட்க வேண்டிய ஊராட்சித் தலைவர் நாற்காலி, 2016 அக்டோபரிலிருந்து 2021 அக்டோபர் வரை ஐந்து வருஷம் காலியாகக் கிடந்தது. 2019 டிசம்பரில் மற்ற மாவட்டங்களில் ஊராட்சித் தேர்தல் நடந்தபோதும், கள்ளக்குறிச்சியைப் பிரித்த கணக்கில் விழுப்புரத்துக்கு நடக்கவில்லை. தனி அலுவலரே எல்லாம். அதற்காக யாரும் மறியல் செய்ததாக நினைவில்லை. பெரியப்பா இருந்திருந்தால் ஒரு மனுவாவது போயிருக்கும்.

அந்த 2024 டிசம்பர் முதல் தேதி, ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. மறுநாள் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே இருக்கிற ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியது. தெற்கே போகிற ரயில்கள் நின்றன. டி.வி. முழுக்க எங்கள் ஊர்ப் பெயர், அதுவும் முதல்முறையாக ஆஸ்பத்திரி சம்பந்தமில்லாமல். போனில் வீடியோ வந்தபடி இருந்தது. முட்டியளவு தண்ணீரில் தெருப் பையன்கள் ஒரு பாட்டியை பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிப் போகிறார்கள். நாற்காலிக்கு நாலு கால், நாலு பையன்கள். ஒருவன் அக்கா மகன். நான் சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து பணம் அனுப்பினேன். நன்றி என்று பதில் வந்தது. பக்கத்துத் தெருவில் இருந்து நன்றி வராது. “இன்னும் ரெண்டு பேர் வாங்கடா” என்றுதான் வரும்.

கரும்பு அரவை சீசனில் ஊரெல்லாம் படிகிற அந்தப் பாகு வாசனைக்கும் எனக்கு ஏக்கம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அதைவிட, யார் வேண்டுமானாலும் என் வீட்டு வாசலில் நின்று “நீ என்ன பண்ண?” என்று கேட்கலாம் என்றிருந்த நிலைமைக்குத்தான் ஏங்குகிறேன். சென்னையில் வரி கட்டுகிறேன், தவறாமல் ஓட்டுப் போடுகிறேன். தெருவிளக்கு எரியாவிட்டால் செல்போனில் புகார் பதிந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். எதிர் ஃப்ளாட்டுக்காரர் பெயர் இந்தத் திருத்தப் படிவம் வந்த அன்றுதான் தெரிந்தது.

போன வாரம் அக்கா மகன் பேசினான். “அடுத்த பஞ்சாயத்து எலக்‌ஷன்ல வார்டு மெம்பருக்கு நிக்கலாம்னு இருக்கேன் மாமா. பெரிய தாத்தா நகல் பொட்டிய எறக்கி வச்சிருக்கேன். நீங்க ஒரு நாள் வந்து நம்ம தெருவுல ரெண்டு வார்த்தை பேசணும்.” வருகிறேன் என்றேன். பக்கத்திலிருந்து அக்கா குரல் கேட்டது: “ஓட்டே இல்லாதவன் பேச்ச எவன்டா கேப்பான்? அவன வந்து வீடு வீடா நோட்டீஸ் குடுக்கச் சொல்லு.”