அவள் அப்பாவை ஏன் கூப்பிடுகிறீர்கள்?

2021 டிசம்பர் 18, காலை. மாகறலில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் செய்யும் பெண்கள் முந்தின நாள் இரவிலிருந்து சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் லாரிகள் நின்றன. தார் சுற்றிக்கொண்டிருந்த அம்மா ராட்டையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"பொட்டப் புள்ளைங்க ராவெல்லாம் ரோட்டுல குந்திக்கினு… இதுங்களுக்கெல்லாம் வீடு வாசல் இல்லையா?"

நான் விவரம் சொன்னேன். அந்த வாரம் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நூற்றுக்கணக்கான பெண்களுக்கு உடம்பு கெட்டது. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கூடத் தங்கியிருந்தவர்கள் திரும்பி வராததால் சிலர் செத்துப்போய்விட்டார்கள் என்று பேச்சு பரவியது. அதற்குப் பிறகுதான் சாலைக்கு வந்தார்கள்.

"யாரும் சாவலையே! பொய்ய நம்பித்தானே ரோட்ட மறிச்சாங்க? அந்த லாரிக்குப் பின்னால பிரசவத்துக்குப் போறவ ஒருத்தி மாட்டிக்கினு இருந்தா இன்னா பண்ணுவா?"

அன்று எனக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால், அம்மா கேட்டது நியாயமான கேள்வி. போராட்டத்தை ஆதரிக்கிற நாம் இந்தக் கேள்வியை 'பொதுப்புத்தி' என்று ஒதுக்கிவிடுகிறோம். சாலையை மறித்தால் சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவர் தவிக்கத்தான் செய்வார். அதை ஒப்புக்கொள்ளாமல் மறியலை ஆதரிப்பது நேர்மையாகாது.

ஆனால் கணக்கை அந்தச் சாலையிலிருந்து மட்டும் தொடங்கவும் கூடாது. ஆறு பேர் முதல் முப்பது பேர் வரை ஓர் அறையில் தங்கியதாகவும், தரையில் படுத்ததாகவும், சில இடங்களில் கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்றும் அந்தப் பெண்கள் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்திடம் சொன்னார்கள். மறியலுக்குப் பிறகுதான் ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. மூடிய ஆலை 2022 ஜனவரி 12 அன்றுதான் மறுபடி திறந்தது. சுமார் 17,000 பேர் வேலை பார்த்த இடம் அது. பொய்யான ஒரு செய்தியை அத்தனை பேர் நம்பினார்கள் என்றால், உண்மையைச் சொல்ல அவர்களிடம் யாரும் வரவில்லை என்றுதானே பொருள்?

அதே ராய்ட்டர்ஸ் செய்தியில் இன்னொன்றும் இருந்தது. 67 பெண்களையும் உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஒருவரையும் போலீஸ் பிடித்து வைத்தது, போன்களை வாங்கிக்கொண்டது, பெண்களின் பெற்றோரைக் கூப்பிட்டு, மகளை அடக்கி வைக்கும்படி எச்சரித்தது. காவல்துறை இதை மறுத்தது. மறுப்பு இருக்கட்டும். இந்தச் செய்தியைப் படித்த எந்தப் பெண்ணுக்கும் அது நம்ப முடியாததாகத் தோன்றியிருக்காது என்பதுதான் எனக்கு முக்கியம்.

பதினெட்டு வயதைத் தாண்டிய பெண் அவள். ஓட்டுப் போடுகிறாள், சம்பளம் வாங்குகிறாள், வீட்டுக்குப் பணம் அனுப்புகிறாள். அவள் செய்தது குற்றம் என்றால் அவள் பெயரில் வழக்குப் போடுங்கள். அவள் வக்கீல் வைத்துப் பதில் சொல்வாள். அப்பாவுக்குப் போன் போட்டால் வழக்கும் இல்லை, வக்கீலும் இல்லை. தண்டனை மட்டும் உண்டு: வேலையை விடு, ஊருக்கு வா, மாப்பிள்ளை பார்த்தாச்சு.

சட்டத்திலும் இந்த இரவுக்கு ஓர் இடம் இருந்தது. அப்போது நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46(4) பிரிவுப்படி, சூரியன் மறைந்தபின் விடியும்வரை ஒரு பெண்ணைக் கைதுசெய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலை என்றால் பெண் அதிகாரி எழுத்தில் காரணம் தந்து நீதித்துறை நடுவரின் முன் அனுமதி வாங்க வேண்டும். இன்றைய புதிய சட்டத்திலும் இது தொடர்கிறது. இரவில் போலீசுக்குப் போட்ட கட்டுப்பாடு இது. நாமோ இரவில் பெண்ணுக்குத்தான் கட்டுப்பாடு என்று படித்துக்கொள்கிறோம்.

மகள் என்று சொல்லி அடக்குவது ஒரு வழி. சமூக விரோதி என்று சொல்லி அடிப்பது இன்னொரு வழி. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போனவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். கல் விழுந்தது, வண்டிகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. எரிந்த வண்டிகளைக் காட்டியே அந்தச் சாவுகளுக்கு நியாயம் சொன்னவர்கள் எத்தனை பேர்! நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்துக்கு வந்தது. துப்பாக்கிச் சூட்டை நியாயப்படுத்த முடியாது என்றது; காவல்துறையினர் 17 பேர்மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. அதைச் சொல்ல நான்கு வருடங்களுக்கு மேல் ஆயிற்று. வண்டிக்குத் தீ வைத்தவரை விசாரிக்கலாம், தண்டிக்கலாம். அவருக்குப் பக்கத்தில் நடந்துவந்த பெண்ணைச் சுட அது காரணமாகாது. யார் என்ன செய்தார் என்று ஆள் ஆளாகப் பார்ப்பதுதான் நியாயம்.

பொங்கலுக்கு முன்பு ஒருநாள், அந்தப் போன் விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். ராட்டை கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"நானும் ஒருவாட்டி போயிருக்கேன்டி. உனக்குத் தெரியாது. நீ கைக்குழந்த."

காஞ்சிபுரத்தில் ஒரு முதலாளி வீட்டில் மூன்று மாதக் கூலி நின்றுபோயிருந்தது. அம்மாவும் இன்னும் மூன்று பெண்களும் பஸ் ஏறிப்போய் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள். முதலாளி அவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆள் அனுப்பி என் அப்பாவை வரவழைத்தார்.

"அப்புறம்?"

"உங்கப்பா வந்தாரு. வா போலாம்னாரு. வந்துட்டேன்."

"கூலி?"

"வந்துச்சு. அவர் கையில குடுத்தாங்க."

தறி அப்பா பெயரில், கணக்கு அப்பா பெயரில். தார் சுற்றியதும் கோர்வைக்கு உட்கார்ந்ததும் அம்மா. அவள் கேட்கப்போனது கூலியை மட்டுமல்ல என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. "ஆனாலும் ரோட்ட மறிச்சது தப்புதான்," என்றாள்.

"தப்பாவே இருக்கட்டும்மா. தப்புன்னா அந்தப் பொண்ணக் கேக்கட்டும்."

"ஆமா," என்றாள் அம்மா. "என்னையும் கேட்டிருக்கலாம்."