சுடுநீர்த் தாங்கிக்குள் ஒரு கோல்

யாழ்ப்பாணத்தில் சுடுநீர் எதற்கு என்று கேட்பவர்கள், மார்கழி மாத விடியற்பொழுதில் வாடைக்காற்று வீசும்போது கிணற்றடியில் நின்று ஒரு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றிப் பார்க்கவேண்டும். எனக்கு அது இன்றும் சுகமே. ஆனால் என் மனைவிக்கு மூட்டுவாதம். கொழும்பில் 40 ஆண்டுகள் பத்திரிகைத் தொழிலில் இருந்துவிட்டு 2013ஆம் ஆண்டு ஊருக்குத் திரும்பியபோது, ஊழியர் சேமலாப நிதியிலிருந்து கிடைத்த பணத்தில் பழைய வீட்டைத் திருத்தினோம். அப்போது அவர் கேட்ட ஒரே வசதி, குளியலறையில் ஒரு சுடுநீர்த் தாங்கி. 50 லீற்றர் கொள்ளக்கூடிய, சுவரில் மாட்டும் மின்சாரத் தாங்கி ஒன்றை வாங்கிப் பொருத்தினோம்.

ஆறு ஆண்டுகள் அது எந்தத் தொல்லையும் தரவில்லை. 2019ஆம் ஆண்டு டிசெம்பரில் ஒருநாள் குழாயில் தேநீர் நிறத்தில் தண்ணீர் வந்தது. அடுத்த வாரம் தாங்கியின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகத் தொடங்கியது. பைப் பாஸ் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, உள்ளுக்கை கறள் பிடிச்சு ஓட்டை விழுந்திட்டுது. ஒட்டேலாது. புதிசு வாங்குங்கோ" என்றார். விற்ற கடையிலும் அதையே சொன்னார்கள். ஐந்து ஆண்டு உத்தரவாதம் முடிந்து ஓராண்டு கடந்திருந்தது.

பழைய தாங்கியைக் கழற்றி முற்றத்தில் போட்டிருந்தோம். குருநகரில் மீன்பிடிப் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்களைத் திருத்தும் தம்பி ஒருவர் எங்கள் உறவுமுறை. வேறு அலுவலாக வந்தவர், அடி மூடியைக் கழற்றி உள்ளே இருந்ததை வெளியே இழுத்தார். சூடாக்கும் சுருளுக்குப் பக்கத்தில் தடித்த கம்பி ஒன்று மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது.

"ஐயா, இதிலை கோல் கரைஞ்சு முடிஞ்சு போச்சு. எங்கடை இஞ்சினுக்கு சிங்க் போடுறமாதிரி இதுக்கும் ஒண்டு இருக்கு. நீங்கள் மாத்தவே இல்லையோ?"

மாற்றவேண்டும் என்பதே எனக்குத் தெரியாது என்றேன். அன்று மாலை அலுமாரியின் அடித்தட்டில் தேடியபோது, தாங்கியுடன் வந்த கைந்நூல் உறை பிரிக்கப்படாமலே கிடந்தது. ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் கோலைப் பரிசோதிக்கவேண்டும், தேய்ந்திருந்தால் மாற்றவேண்டும் என்று அதில் தெளிவாக அச்சிட்டிருந்தார்கள். மற்றவர்கள் எழுதியதை வரிவரியாகப் படித்துத் திருத்துவதைத் தொழிலாகக் கொண்டிருந்த நான், எனது வீட்டுக்கு வந்த எட்டுப் பக்கங்களைப் படிக்கவில்லை. தாங்கி கறள் பிடித்ததற்கு நான் யாரைக் குறைகூற முடியும்?

அந்தக் கோல் செய்யும் வேலையை இங்கு விளக்கவேண்டும். தாங்கியின் உடல் எஃகினால் ஆனது. வெந்நீரும் அதில் கரைந்துள்ள ஒட்சிசனும் எஃகை விரைவில் கறள்பிடிக்கச் செய்யும். ஆகவே உட்புறத்தில் கண்ணாடி போன்ற எனாமல் பூச்சை உருக்கிப் பூசுகிறார்கள். எனினும், எந்தப் பூச்சும் முழுமையானது அல்ல. ஒட்டுப்போட்ட இடங்களிலும் குழாய்கள் நுழையும் விளிம்புகளிலும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கும். அங்கே எஃகு தண்ணீரைத் தொடும். அந்த இடங்களைக் காப்பதற்காகவே மகனீசியக் கோல் ஒன்றை உள்ளே வைக்கிறார்கள். மகனீசியம் இரும்பைவிட எளிதில் இலத்திரன்களை இழக்கும் உலோகம். இரண்டும் ஒரே நீரில், ஒன்றோடொன்று மின்தொடர்புடன் இருக்கும்போது மகனீசியமே முதலில் கரையும். அதுவரை இரும்பு தப்பிக்கொள்ளும். நமது இரசாயனப் பாடநூல்கள் இதனைக் கதோட்டுப் பாதுகாப்பு என்று கூறும். கரைந்துபோகும் கோல், அனோட்டு.

கிணற்றடி வாளிகளையும் கூரைத் தகரங்களையும் அறிந்த நமக்கு இது புதிய செய்தி அல்ல. அவற்றின் மேலுள்ள நாகப் பூச்சு, அதாவது துத்தநாகப் பூச்சு, கீறல் விழுந்த பின்னரும் சிலகாலம் இரும்பைக் காப்பது இதே முறையிலேதான். சுடுநீர்த் தாங்கிக்கு ஏன் நாகத்தை வைக்கவில்லை என்று நான் தம்பியிடம் கேட்டபோது அவரிடம் பதில் இருக்கவில்லை. பின்னர் படித்தறிந்தேன்: ஏறத்தாழ 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடான சிலவகை நீரில் நாகத்துக்கும் இரும்புக்கும் உள்ள உறவு தலைகீழாகிவிடக்கூடும். காப்பாற்றவேண்டியது காப்பாற்றப்படுவதாகவும், காப்பாற்றப்படவேண்டியது கரைவதாகவும் மாறிவிடும்.

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லின் ஊடாக வருவது. கேத்தலின் அடியில் படியும் வெண்ணிறப் படையைக் கண்டிராத வீடு இங்கு இல்லை. உப்புகள் மிகுதியாகக் கரைந்துள்ள நீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். ஆகவே கோலும் விரைவாகத் தேயும். மலைநாட்டு ஊற்று நீரில் பல ஆண்டுகள் நிற்கும் கோல், நமது நீரில் அவ்வளவு காலம் நில்லாது.

இந்த உபாயத்துக்கு வயது 200 ஆண்டுகள். பிரித்தானியக் கடற்படை தனது மரக்கப்பல்களின் அடிப்பாகத்தைச் செப்புத் தகட்டினால் மூடியிருந்தது. கடல்நீர் அந்தச் செம்பை அரித்தது. 1824ஆம் ஆண்டு ஹம்பிரி டேவி என்ற அறிவியலாளர், செம்புடன் சிறு நாகத் துண்டுகளையோ இரும்புத் துண்டுகளையோ இணைத்தால் அரிப்பு நின்றுவிடும் என்று காட்டினார். செம்பு காப்பாற்றப்பட்டது. ஆனால் கப்பல்களின் அடியில் பாசியும் சிப்பிகளும் ஏராளமாகப் பிடித்துக்கொண்டன. கப்பல்களின் வேகம் குறைந்தது. செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து நஞ்சாகிக்கொண்டிருந்ததே அந்த உயிரினங்களை அண்டவிடாமல் வைத்திருந்தது. சில ஆண்டுகளுக்குள் அந்தத் துண்டுகள் அகற்றப்பட்டன. எனினும் டேவியின் கொள்கை நிலைத்தது. இன்று எஃகுக் கப்பல்களிலும், நிலத்தடி எண்ணெய்க் குழாய்களிலும், குருநகர்ப் படகு இயந்திரங்களிலும் அது தொழிற்படுகிறது.

2020ஆம் ஆண்டு ஜனவரியில் புதிய தாங்கி வாங்கினோம். இம்முறை கைந்நூலை முதலில் படித்தேன். ஆனால் கோலைப் பார்க்க 2022ஆம் ஆண்டு வரை தாமதித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். அந்த ஆண்டு எப்படிப்பட்ட ஆண்டு என்பது வாசகர்களுக்குத் தெரியும். மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. மார்ச் மாத இறுதியில் 13 மணிநேர மின்வெட்டு நடைமுறைக்கு வந்தது. இந்தத் தாங்கியும் ஒழுகினால் இன்னொன்று வாங்க எங்களால் முடியாது. அந்த அச்சமே என்னை ஸ்பனரை எடுக்கவைத்தது.

தம்பி பக்கத்தில் நிற்க, வேலையை நானே செய்தேன். மின்வெட்டு நேரம்தானே என்று நான் நேரடியாக மூடியில் கைவைத்தபோது அவர் தடுத்தார். "கரண்ட் எப்ப வரும் எண்டு ஆருக்குத் தெரியும், ஐயா? முதல்லை சுவிட்சை நிப்பாட்டுங்கோ." அவர் சொன்னதில் உயிர் இருந்தது. சுவிட்ச்பலகையில் தாங்கிக்குரிய இணைப்பைத் துண்டித்தோம். நீர் ஆறும்வரை காத்திருந்து, குளிர்நீர் வரும் வழியை மூடி, சுடுநீர்க் குழாயைத் திறந்து தாங்கியை வடித்தோம். அடி மூடியை அகற்றி, எந்த மின்கம்பி எங்கே இருந்தது என்று தாளில் குறித்துக்கொண்டு கழற்றினோம். வட்டத்தட்டின் மரைகளைத் தளர்த்தியதும் சுருளும் கோலும் சேர்ந்து வெளியே வந்தன. இரண்டு கையளவு சுண்ணாம்புப் பொருக்கும் கொட்டியது. பெருவிரல் அளவு தடிப்பாக இருந்திருக்கவேண்டிய கோல், கறையான் தின்ற தடிபோல் ஆங்காங்கே குழிவிழுந்து, சில இடங்களில் நடுக்கம்பி தெரிய நின்றது. தாங்கியின் உட்சுவரில் கறள் இல்லை.

புதிய கோல் யாழ்ப்பாணத்தில் கிடைக்கவில்லை. கொழும்பிலிருந்து ஒருவரிடம் சொல்லி எடுப்பித்தோம். ஒரு தாங்கியின் விலையோடு பார்க்கும்போது அதன் விலை மிகச் சிறியது. கோலையும் இறப்பர் வோஷரையும் மாற்றிப் பூட்டி, தாங்கி நிரம்பிக் குழாயில் தண்ணீர் சீராக வந்த பின்னரே மின்சாரத்தைக் கொடுத்தோம். வெறுந்தாங்கியில் மின்சாரம் கொடுத்தால் சுருள் எரிந்துவிடும்.

அந்தத் தேய்ந்த கோலை நான் வீசவில்லை. அதனைக் கையில் எடுத்தபோது அச்சகத்தின் புளொக் பகுதி நினைவுக்கு வந்தது. ஈய எழுத்துக் காலத்தில் பத்திரிகைப் படங்களுக்கு நாகத் தகட்டை அமிலத்தில் அரிக்கவைத்து அச்சுக்கட்டை செய்வார்கள். உலோகம் கரைந்து படம் உருவாவதை இளவயதில் நின்று பார்த்திருக்கிறேன். புளொக் பகுதிக்கு அடுத்த அறையில் ஒப்புநோக்காளர்கள் இருந்தார்கள்.

அவர்களில் ஒருவரைக் குறித்து எழுதவேண்டும். பெயர் வேண்டாம், அவர் விரும்பமாட்டார். 30 ஆண்டுகளுக்கு மேல் இரவு நேரத்தில், மங்கிய விளக்கின் கீழ், மை காயாத புரூவ் தாள்களைப் படித்தவர். எங்கள் எழுத்துப் பிழைகளும் தகவல் பிழைகளும் அவரிடம் வந்து முடிந்தன. ஒரு மரண அறிவித்தலில் இறந்தவரின் பெயரும் அறிவித்தவரின் பெயரும் இடம்மாறியிருந்ததை அச்சுக்குப் போகும் வேளையில் கண்டு பிடித்தவர் அவரே. அதற்காக யாரும் அவரைப் பாராட்டியதாக நினைவில்லை. பிழை அச்சில் வந்த நாளில் மட்டும் அவரைத் தேடிப் போவோம். ஓய்வுபெறும்போது அவரது ஒரு கண்ணில் பார்வை பெரும்பாலும் போயிருந்தது.

பிரியாவிடைக் கூட்டத்தில் நான்தான் பேசினேன். அவருடைய "தியாகம்" பற்றிப் பேசினேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். அவருடைய மேசைக்கு நல்ல விளக்கொன்றை வாங்கிக் கொடுக்கவேண்டும் என்று அந்த 30 ஆண்டுகளில் எங்களில் ஒருவர்கூட நிருவாகத்திடம் கேட்கவில்லை என்பது அப்போது என் நினைவுக்கு வரவில்லை. பல ஆண்டுகளின் பின்னர், இப்போதுதான் வருகிறது. அவர் காலமாகிவிட்டார்.

ஆங்கிலத்தில் இந்தக் கோலுக்குத் தியாகம் செய்யும் அனோட்டு என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடு இல்லை. கோல் எதையும் தியாகம் செய்யவில்லை. கரையும் என்று தெரிந்தே நாம் அதனை உள்ளே வைத்தோம். கரைவது அதன் இயல்பு. எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று திறந்து பார்ப்பது நமது கடமை. தியாகம் என்ற சொல்லைச் சொன்னதும் அந்தக் கடமை முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். எனது எழுத்து வாழ்க்கையில் அந்தச் சொல்லை எத்தனை இரங்கல் குறிப்புகளில் பயன்படுத்தினேன் என்று கணக்கில்லை.

2024ஆம் ஆண்டு மீண்டும் திறந்து பார்த்து, கோலை மாற்றினேன். தாங்கி இன்னும் ஒழுகவில்லை; மனைவி மார்கழியிலும் சுடுநீரில் குளிக்கிறார். குளியலறைக் கதவின் உட்புறத்தில் அடுத்ததாகப் பார்க்கவேண்டிய திகதியைப் பேனையால் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் இத்தகைய தாங்கி இருந்தால், உறை பிரிக்காத அந்தக் கைந்நூலை இன்றே தேடி எடுங்கள். நீங்களாகக் கழற்ற இயலாவிட்டால் தெரிந்த ஒருவரை அழையுங்கள். சுவிட்சை நிறுத்த மறக்கவேண்டாம்.