சிவப்பு வட்டம்

பத்திரிகைத் தொழிலில் நரைத்தவர்களைப் பாடசாலை விழாக்களில் பேச அழைப்பது நம்மவர் வழக்கம். 2018ஆம் ஆண்டு, ஓர் ஆரம்பப் பாடசாலையின் போசாக்குத் தினத்திற்கு அவ்வாறே சென்றிருந்தேன். கீரை, பழம், பருப்பு ஆகியவற்றின் மகிமையை அரைமணி நேரம் விளக்கினேன். சீனியைக் குறைக்கும்படி வலியுறுத்தினேன்.

இலங்கையில் விற்கப்படும் மென்பானங்களுக்கு 2016 ஆகஸ்ட் முதல் நிறக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2 முதல் 11 கிராம் வரையெனில் செம்மஞ்சள். அதற்கும் குறைவெனில் பச்சை. வீதிச் சமிக்ஞை விளக்கை உதாரணம் காட்டி இதையும் சொன்னேன். பிள்ளைகள் கவனமாகக் கேட்டார்கள்.

விழா முடிந்ததும் அனைவருக்கும் ஒரு கேக் துண்டும் ஒரு மென்பானப் போத்தலும் வழங்கப்பட்டன. தரம் மூன்றில் படிக்கும் சிறுமி ஒருத்தி தனது போத்தலுடன் என்னிடம் வந்தாள்.

“சேர், இதில சிவப்பு வட்டம் இருக்கு. குடிக்கலாமா?”

என் கையிலிருந்த போத்தலில் பாதி ஏற்கெனவே முடிந்திருந்தது.

“இண்டைக்கு மட்டும் பரவாயில்லை அம்மா” என்றேன். அவளும் நம்பிக் குடித்தாள். அந்த 200 மில்லிலீற்றர் போத்தலில் இருந்தது குறைந்தபட்சம் 22 கிராம் சீனி. ஐந்து தேக்கரண்டிக்கும் அதிகம். நீரிழிவுக்கு மாத்திரை விழுங்கும் நான், ‘இன்றைக்கு மட்டும்’ என்று எனக்கு நானே தினமும் சொல்லிக்கொள்ளும் சமாதானத்தை அந்தப் பிள்ளைக்கும் கற்றுக்கொடுத்துவிட்டேன். அரைமணி நேரப் பேச்சு ஒரு நொடியில் பயனற்றுப் போனது.

மறுவருடம் வேறொரு பாடசாலைக்குப் போக நேர்ந்தது. அங்கே உரை எதுவும் இருக்கவில்லை. பிள்ளைகள் தாமே நட்டு வளர்த்த வல்லாரைப் பாத்தியிலிருந்து இலை பறித்து வந்தார்கள். அதை அரைத்துச் சாறெடுத்து, அரிசியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து இலைக்கஞ்சி காய்ச்சினார்கள். முகம் சுளித்த சிலரும் இருந்தார்கள். வகுப்பாசிரியை அவர்களை அதட்டவில்லை. அவர்கள் நடுவில் அமர்ந்து, முதல் கோப்பையைத் தானே குடித்தார். சற்று நேரத்தில் சுளித்த முகங்களும் கோப்பையை நீட்டின.

சிறுபிள்ளைகளுக்கு நல்லுணவைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கப் பாடநூல்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பிள்ளை பார்ப்பது நமது வாயிலிருந்து வரும் சொல்லையல்ல. அந்த வாய்க்குள் போவதைத்தான்.