அங்கே காலை பத்து மணி

30.9.2024, திங்கள்
கனடாவில் நாலு மணிக்கே விழிப்பு. ஊரில் மதியம் ஒன்றரை. பட்டறையில் பீங்கான் பிரஸ்ஸை விட்டு ஆட்கள் சாப்பிட எழுந்திருப்பார்கள். கைத்தோல் வறண்டு வெள்ளை பூத்துவிட்டது. நாற்பது வருடம் களிமண்ணில் ஊறிய கை. மகள் களிம்பு கொடுத்தாள். வழுக்குகிறது. பிடிக்கவில்லை.
வீட்டுக்குப் பேசினேன். வெள்ளாற்றில் தண்ணீர் வந்ததா? இல்லையாம்.

1.10, செவ்வாய்
ஸ்கார்பரோ மளிகைக் கடை. பலகையெல்லாம் தமிழ். கருவேப்பிலையைக் கொத்துக் கொத்தாகப் பையில் அடைத்து வைத்திருக்கிறார்கள். எடுத்து முகர்ந்தேன். கடைக்காரர், "எந்த இடம் ஐயா?" என்றார். கருவேப்பிலங்குறிச்சி என்றேன். சிரித்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வந்து நாற்பது வருடமாம். "பிறகு ஊருக்குப் போகேல்லை." அதற்குமேல் நான் கேட்கவில்லை. எனக்கு ஐந்து நாளே பெரிதாக இருக்கிறது.
வெள்ளாறு காய்ந்துதான் கிடக்கிறதாம்.

3.10, வியாழன்
டொரொன்டோவில் கார்டினர் மியூசியம். பீங்கானுக்கென்றே ஒரு கட்டடம்! 1984இல் திறந்தது. ஜெர்மனியின் மைசன் பொம்மைகள். 1710இல் தொடங்கிய பட்டறை. நகத்தளவு பூ, அதிலும் இதழ் இதழாக. ஒன்றும் வெடிக்காமல் எப்படிச் சூளையிலிருந்து எடுத்தான்? ஒரு பொம்மைக்கு அடிவிளிம்பில் கிளேஸ் துடைத்த இடம் தெரிந்தது. நாமும் அப்படித்தான் துடைக்கிறோம், தட்டில் ஒட்டாமல் இருக்க. அந்த ஒரு கோட்டைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. பேத்தி கையைப் பிடித்து இழுத்தாள்.
553 மீட்டர் கோபுரத்தையும் காட்டினார்கள். உயரம்தான்.

5.10, சனி
வடக்கே மூன்று மணி நேரம். அல்கான்குவின் காடு. 1893லிருந்து காப்பாற்றுகிறார்களாம். கடலூர் மாவட்டம் இரண்டு சேர்ந்த அளவு. வழியெல்லாம் பாறையை அறுத்துப் போட்ட சாலை. ரோஜா நிறப் பாறை. எங்கோ பார்த்த நிறம், எங்கே?
மேட்டில் ஏறித் தொட்டதும் புரிந்தது. பெல்ஸ்பார்! மூட்டையில் மாவாக வந்துதான் எனக்குப் பழக்கம். சூளையில் முதலில் உருகி மண்ணையும் குவார்ட்ஸையும் பிடித்துக்கொள்கிற பொருள். இங்கே மலையாக, வெறுங்காலில் மிதிக்கிற மாதிரி. இது உளுத்துத்தானே நம் வெள்ளைக் களிமண் ஆகிறது. இங்கே உளுத்ததையெல்லாம் பனிப்பாறை வழித்துக்கொண்டு போய்விட்டது என்றார் மாப்பிள்ளை. நூறு கோடி வருடத்துப் பாறை. கன்னத்தை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

6.10, ஞாயிறு
விடியற்காலை ஏரி. மூன்று டிகிரி. நீரிலிருந்து புகை. ஒரு சத்தம் இல்லை. மேப்பிள் இலைச் சிவப்பு, சூளை ஏறத் தொடங்கும்போது எட்டிப் பார்க்கிற கண் வழியாகத் தெரியுமே, அதே சிவப்பு. இங்கேயே இருந்துவிடலாம் போல் இருந்தது. உண்மையாகவே.
ஒரு துண்டு பெல்ஸ்பாரைச் சட்டைப் பையில் போட்டேன். "எடுக்கக் கூடாது தாத்தா." திருப்பி வைத்தேன், எடுத்த இடத்திலேயே.
சிக்னல் இல்லை. வெள்ளாறு எப்படியோ.

8.10, செவ்வாய்
எல்லாரும் வேலைக்கு, பள்ளிக்கு. ஹீட்டர் காற்று மட்டும். விரல் வெடித்து ரத்தம். என்னத்துக்கு வந்தேன்?
தம்பி போனில் சிடுசிடுக்கிறான். தீபாவளி அகல் ஆர்டர் நிற்கிறது. "நீ இருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். முழுதாகத் திட்டியிருக்கலாம்.
ஆற்றில் தண்ணீர் இல்லை.

10.10, வியாழன்
களிம்பு தடவினேன். கேட்கிறது.

11.10, வெள்ளி
இரவு பன்னிரண்டரை. அங்கே காலை பத்து. ஆயுத பூஜை. தூங்காமல் உட்கார்ந்திருந்தேன். தம்பி போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். சூளைக் கதவில் சந்தனம், குங்குமம். மோல்டு அலமாரி. பீங்கான் ஃபியூஸ் அடிக்கிற டை எல்லாம் கழுவி வரிசையாக. என் பிரஸ். கைப்பிடியில் சாமந்தி. கேட்காமலே அதை மட்டும் இரண்டு தடவை காட்டினான்.
பூசணிக்காய் உடைத்த சத்தத்தில் பேத்தி எழுந்து வந்துவிட்டாள். மடியில் உட்காரவைத்துக் காட்டினேன். சூளைக்குள்ளே யாரு இருக்கா என்றாள்.
வெள்ளாற்றைக் கேட்க மறந்துவிட்டேன்.