மடத்துக்கடைத் தம்பி

எங்கள் செட்டியார்பட்டி டீக்கடையில் பேப்பர் முழுசாக ஒருவர் கைக்கு வராது. விளையாட்டுப் பக்கம் பையன்களிடம் போய்விடும், சினிமாப் பக்கம் எங்கே போகும் என்றே தெரியாது. நடுப்பக்கம் மட்டும் பெஞ்சில் கேட்பாரற்றுக் கிடக்கும். அதை எடுத்துத் தலையங்கத்தை வாய்விட்டுப் படிப்பவர் ஒரு அண்ணாச்சி. நைட்டியும் உள்பாவாடையும் தைத்து ஊர் ஊருக்கு அனுப்பிய தொழிலை மகன்களிடம் விட்டுவிட்டு ஓய்ந்தவர். அவர்தான் கொளுத்திப்போட்டார்.

"தம்பி, தினமணியை மொதமொதல்ல நடத்துன ஆசிரியரு நம்ம பக்கத்து ஆளுன்னு எங்க அய்யா சொல்வாக. ரொம்ப வருசம் ஆசிரியரா இருந்த சிவராமனச் சொல்லல, அவருக்கு முந்தின ஆளு. பேரு மறந்துபோச்சு. நீ எழுதுறவன்தானே, பாத்துச் சொல்லு."

பெயர் கிடைப்பதில் சிரமமில்லை. டி.எஸ். சொக்கலிங்கம். அந்தப் பெயரை நான் முன்பே பார்த்திருந்தேன், பத்திரிகையில் அல்ல. டால்ஸ்டாயின் பெரிய நாவல் தமிழில் 'போரும் வாழ்வும்' என்று வந்ததே, அதன் மொழிபெயர்ப்பாளராக. அத்தனை பக்கங்களைத் தமிழாக்கியவரும், தினமும் அச்சு இயந்திரத்துக்கு விஷயம் கொடுத்துக்கொண்டிருந்த நாளிதழ் ஆசிரியரும் ஒரே ஆள் என்பதுதான் என்னை இழுத்தது. இப்படிப்பட்டவர் எந்தப் பள்ளியில், யாரிடம் படித்துவந்தார் என்று தேடினேன். படிப்பைத் தேடப் போன எனக்குக் கிடைத்தது ஒரு கொலை வழக்கு.

டி என்றால் தென்காசி. எங்களுக்கு எட்டாத ஊரில்லை. மெயின் ரோட்டில் பஸ் ஏறினால் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், அடுத்தது தென்காசி. அங்கே நான் விசாரித்த கடைகளில் எல்லோரும் கோயில் கோபுரத்தையும் குற்றாலம் போகும் வழியையும் அன்பாகக் காட்டினார்கள். சொக்கலிங்கம் என்று கேட்டால், "எந்தத் தெருவுல இருக்காரு?" என்றார்கள். ஆகவே மிச்சத்தைப் புத்தகங்களில்தான் தேடவேண்டியிருந்தது.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். சுட்ட செங்கோட்டை வாஞ்சிநாதன் அங்கேயே தன்னையும் சுட்டுக்கொண்டார். இவ்வளவும் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. பிறகு போலீஸ் வீடு வீடாகப் புகுந்து பதினான்கு பேரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதே, அந்தப் பட்டியலை நாம் அதிகம் படிப்பதில்லை. நீலகண்ட பிரம்மச்சாரியில் தொடங்கும் அதில் 'மடத்துக்கடை' சிதம்பரம் பிள்ளை என்று ஒரு பெயர் வருகிறது. சொக்கலிங்கத்தின் அண்ணன்.

1899-ல் பிறந்த சொக்கலிங்கத்துக்கு அப்போது வயது பன்னிரண்டு. அண்ணன் கைதான பிறகு கடையைப் பார்க்க ஆள் வேண்டும். தம்பியின் படிப்பு நின்றது. தராசும் கல்லாவும் கைக்கு வந்தன. ராஜத்துரோகக் குடும்பம் என்று பெயரெடுத்த வீட்டுப் பையன் அந்தக் கல்லாவில் உட்கார்ந்து ஊர் முகத்தை எப்படிப் பார்த்திருப்பான் என்பதை அவரவர் ஊகத்துக்கு விடுகிறேன். ஒன்று மட்டும் எனக்குப் பட்டது. அரசியல் என்பது அந்தப் பையனுக்குப் பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்ட விஷயமல்ல. வீட்டுக்குள் நுழைந்து அண்ணனைக் கூட்டிக்கொண்டு போன விஷயம். பிற்காலத்தில் அவர் தலையங்கங்களில் இருந்த நேரடித்தன்மைக்குக் காரணம் தேடினால் நான் இந்தக் கடைக்குத்தான் வருவேன்.

பத்திரிகைக்கு அவரைக் கொண்டுவந்தது டாக்டர் பி. வரதராஜுலு நாயுடுவின் 'தமிழ்நாடு'. சேலத்தில் வாரப் பத்திரிகையாக நடந்து, 1926-ல் சென்னையில் நாளிதழான ஏடு அது. அங்கே கை பழகியபின் 1931-ல் 'காந்தி' என்று சொந்தமாக ஒன்று தொடங்கினார், காலணா விலையில். உப்புச் சத்தியாக்கிரகத்தின் சூடு ஆறாத காலம், நாலு பக்கம் அச்சடித்தாலும் ஜனங்கள் வாங்கிப் படித்தார்கள். சிறையிலிருந்து வந்த ஏ.என். சிவராமன் இவரோடு சேர்ந்தது இந்தக் 'காந்தி'யில்தான். 1933 செப்டம்பர் 17-ல் கே. சீனிவாசன், வ.ரா. இருவரோடும் சேர்ந்து 'மணிக்கொடி'. அதைச் சிறுகதைக்காகவே எல்லோரும் கொண்டாடுகிறோம். முதல் கட்டத்தில் அது அரசியல் வார இதழ் என்பதை மறந்துவிடுகிறோம். மணிக்கொடியைப் பற்றித் தமிழில் எழுதாத ஆளில்லை என்பதால் நான் அங்கே நிற்கவில்லை.

நான் தேடியது அடுத்த வருடத்தில் இருந்தது. வரதராஜுலு நாயுடு 1932-ல் தொடங்கிய இந்தியன் எக்ஸ்பிரஸ், ஃப்ரீ பிரஸ் செய்தி ஏஜென்சி நடத்திய சதானந்த் கைக்குப் போயிருந்தது. அந்த நிறுவனத்திலிருந்து தமிழ் நாளிதழ் ஒன்று வரவேண்டும் என்று முடிவாயிற்று. பெயர் வைக்க வாசகர்களுக்குப் போட்டி வைத்தார்கள். 1934 செப்டம்பர் 11, பாரதியார் நினைவு நாளில் தினமணியின் முதல் இதழ். ஆசிரியர் சொக்கலிங்கம், உதவிக்குச் சிவராமன்.

அன்றைய தமிழ் நாளிதழ் வேலை இன்றைக்கு நமக்குச் சட்டென்று பிடிபடாது. செய்தி ஏஜென்சித் தந்திகள் எல்லாம் ஆங்கிலத்தில் வரும். அவற்றை இரவோடு இரவாகத் தமிழாக்குவதுதான் உதவி ஆசிரியர்களின் பிழைப்பு. புதுமைப்பித்தனே தினமணியில் அந்த நுகத்தில் பூட்டப்பட்டவர்தான். லண்டன் பார்லிமெண்டில் பேசியதும் ஜெனிவாவில் தீர்மானித்ததும் புளியங்குடிக்காரனுக்குப் புரியும்படி வந்தாக வேண்டும். சுதேசமித்திரன் 1899 முதல் நாளிதழாக நடந்துவந்தது, திரு.வி.க.வின் தலையங்கங்களுக்குத் தனி மதிப்பு இருந்தது. ஆனால் தினமணியில்தான், தலையங்கம் என்பது பண்டிதர் சபையை விட்டு இறங்கி, கடை வாசலில் நின்று வியாபாரம் பேசுகிற குரலுக்கு வந்தது என்று நினைக்கிறேன். அண்ணாச்சியின் அய்யா போன்றவர்கள் படித்தது அந்தக் குரலைத்தான்.

பிறகு வந்த திருப்பம்தான் சொக்கலிங்கத்தின் பெயரை மங்கடித்தது. பத்திரிகை ராம்நாத் கோயங்கா கைக்கு மாறியிருந்தது. இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1943-ல் சொக்கலிங்கம் வெளியேறினார், தனியாக அல்ல. புதுமைப்பித்தன் உட்பட ஆசிரியர் குழுவில் பலர் கூடவே வெளியே வந்தார்கள். 1944-ல் 'தினசரி' பிறந்தது. சில ஆண்டுகள்தான் ஓடியது. ஜனயுகம், நவசக்தி என்று பிறகும் ஆசிரியர் நாற்காலிகள் வந்தன. தினமணி போல எதுவும் வேர் பிடிக்கவில்லை. காமராஜரின் வாழ்க்கையை அவரது காலத்திலேயே எழுதினார். 1966 ஜனவரியில் காலமானார்.

சிவராமனோ தினமணியில் இருந்தார். 1944 முதல் 1987 வரை அதே நாற்காலி. 'கணக்கன்' என்ற பெயரில் பொருளாதாரத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து எழுதினார். முதிய வயதில் குர்ஆனை மூலத்தில் படிக்க அரபி கற்றார். அவரைத் தமிழ்நாடு நினைவு வைத்திருப்பது நியாயம்தான். அறிவின் அகலத்தில் சிவராமன் பெரியவர் என்பதே என் கட்சியும்கூட. ஆனால் அவர் உட்கார்ந்த நாற்காலியைச் செய்தவர் சொக்கலிங்கம். முதலாளியோடு ஒத்துப்போகாவிட்டால் ஆசிரியர் எழுந்து போகலாம், உடன் வேலை பார்ப்பவர்களும் வருவார்கள் என்று தமிழ்ப் பத்திரிகை உலகத்துக்குக் காட்டியவரும் அவர். அந்தத் 'தினசரி' நொடித்துப்போனதை அவருடைய தோல்விக் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை.

அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடை, வழக்கு, காலணா, ராஜினாமா. கேட்டுவிட்டு, "சரிப்பா, அவரு எழுதுன தலையங்கம் ஒண்ணு கொண்டாயேன், படிப்போம்" என்றார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். டால்ஸ்டாய் கிடைக்கிறார், சொக்கலிங்கத்தின் அன்றாடத் தலையங்கங்களை நான் தேடிய புத்தகக் கடை எதிலும் வாங்க முடியவில்லை. நாளிதழ் ஆசிரியரின் முக்கால்வாசி உழைப்பு மறுநாள் பொட்டலம் மடிக்கப் போய்விடுகிறது.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், தென்காசிப் பக்கத்துப் பழைய வீடுகளில் பரண்கள் இன்னும் மிச்சமிருக்கின்றன. அங்கே 1934 முதல் 1943 வரையிலான தினமணியோ, 1944-க்குப் பிந்தைய தினசரியோ கட்டாகக் கிடந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இத்தகைய அச்சுப் பொருள்களைப் பாதுகாக்கிறது. அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.